ஹண்டேரியன் அருங்காட்சியகத்துக்குக் குழுவாகச் செல்வது பற்றி

கேள்வி:
வணக்கம். லண்டனில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் 14 பேரையும் பெற்றோர் சிலரையும், லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். குடுவைகளில் மனித உறுப்புகளும் பிறவாச் சிசுக்களும் இருப்பதால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்களோ என்று சில தாய்மார் தயங்குகிறார்கள். ‘ஐரிஷ் இராட்சதன்’ எலும்புக்கூட்டைக் காட்டுவதாக நான் வேறு வாக்குக் கொடுத்துவிட்டேன். சென்றுவந்தவர்கள் ஆலோசனை கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அந்த வாக்கை முதலில் திரும்பப் பெற்றுவிடுங்கள். 2017இல் மூடப்பட்ட அருங்காட்சியகம் 2023 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டபோது ‘ஐரிஷ் இராட்சதன்’ எனப்பட்ட சார்ல்ஸ் பைர்னின் எலும்புக்கூடு காட்சியில் இல்லை. ஏழடி ஏழங்குல உயரம் கொண்ட அவர், தம் உடல் இந்தச் சேகரிப்பை உருவாக்கிய அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரின் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, இறந்தபின் கடலில் இறக்கிவிடும்படி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். 1783இல் அவர் இறந்ததும் ஹண்டர் பணம் கொடுத்து உடலைப் பெற்றுவிட்டார். ரெனால்ட்ஸ் தீட்டிய ஹண்டர் ஓவியத்தின் மேல் மூலையில் அந்த எலும்புக்கூட்டின் கால்கள் மட்டும் தெரியும். பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
ஒரு திருத்தம். எலும்புக்கூட்டை ஆய்வுக்காகக் கல்லூரி இன்னும் வைத்திருக்கிறது, கடலில் இறக்கவில்லை. 1909இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோதுதான் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி இருந்த குழி பெரிதாகியிருந்தது தெரியவந்தது. ஆகவே மறைத்தது சரியா தவறா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லாமல், மாணவர்களையே வாதிட விடுங்கள்.

மறுமொழி 3:
நான் செவிலியர்; இருமுறை சென்றிருக்கிறேன். நுழைவுக் கட்டணம் இல்லை என்றாலும் குழுவாகச் செல்வதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஒரு குடுவையைச் சுற்றி 14 பேர் நின்றால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். சிசுக்கள் உள்ள பகுதி வருவதை முன்பே சொல்லி, விரும்பாதவர் விலகிச் செல்ல இடம் கொடுங்கள். என்னை நிறுத்தி வைத்தது சேவற்கொண்டையொன்று. மனிதப் பல்லொன்றை அதில் நட்டு, பின்னர் குறுக்கே வெட்டி, உள்ளே பல் பதிந்திருப்பது தெரியும்படி வைத்திருக்கிறார் ஹண்டர். ஏழைகளின் பல்லைப் பிடுங்கிச் செல்வந்தர் வாயில் பொருத்தும் வழக்கம் இருந்த காலம் அது. அவர் சேர்த்த ஏறத்தாழ 14,000 மாதிரிகளில் 1941 குண்டுவீச்சுக்குத் தப்பியவை 3,500 அளவுதான். அவற்றில் இதுவும் ஒன்று.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இராட்சதனுக்குப் பதிலாகச் சேவற்கொண்டையில் முளைத்த பல்லைக் காட்டுகிறேன் என்று இன்று வகுப்பில் சொன்னேன். வரமாட்டேன் என்றிருந்த இருவர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.