நாளைக்குக் காவ்யாவின் முதல் ஓட்டு: குடும்பக் குழுவில் அரட்டை

காவ்யா: பூத் சிலிப் வந்துவிட்டது! பாகம் எண், வரிசை எண், பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன. நீங்கள் எல்லாரும் முதல் ஓட்டு எப்படிப் போட்டீர்கள்? சொல்லுங்களேன்.

அப்பா: எப்படிப் போட்டாலும் காலையிலேயே போய்விடு. 1996இல் கல்லூரி விடுதியிலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேர மத்தியானம் மூன்று மணி. அதற்குள் என் பெயரில் யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விடாமல் நின்று டெண்டர் ஓட்டுக் கேட்டு வாங்கினேன். அதைப் பெட்டியில் போட மாட்டார்கள், தனி உறையில் வைத்துவிடுவார்கள். நீதிமன்றம் சொன்னால்தான் எண்ணுவார்கள். இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அம்மா: போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. பொத்தானை அழுத்தியதும் ஓடிவராதே. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் ஏழு விநாடி சீட்டுத் தெரியும், சின்னம் சரிதானா என்று பார்.

செல்வி அத்தை: கண்ணு, 1989இல் நமக்கு இரண்டு தேர்தல். ஜனவரியில் சட்டமன்றம். எனக்கு 19 வயது, ஆனால் அப்போது 21 ஆனால்தான் ஓட்டு. அம்மாவோடு பள்ளிக்கூடம் வரை போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மார்ச்சில் வயதை 18 ஆக்கிய திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். அதே பள்ளிக்கூடம், இந்தத் தடவை வரிசையில் நான்.

செல்வி அத்தை: உள்ளே போனதும் முதல் மேசைக்காரர் என் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படித்தார். கட்சி ஏஜெண்டுகளுக்குக் கேட்க வேண்டுமே, அதற்காக. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஊர்ப் பெரியவர்கள். எதிரே வந்தால் நான் தலை குனிந்து ஒதுங்கிப் போவேன். அன்றைக்கு அத்தனை பேரும் குனிந்து, அவரவர் தாளில் என் பெயரைத் தேடிக் கோடு போட்டார்கள். அதுவரை ‘யார் வீட்டுப் பெண்’ என்று மட்டுமே அவர்கள் கேட்டு எனக்குப் பழக்கம்.

காவ்யா: அத்தை, இதை இத்தனை நாள் சொல்லவே இல்லையே! அப்புறம்?

செல்வி அத்தை: அப்புறம் விரலில் மை. உள்ளே ஊதாவாக இருந்தது, வெயிலில் வந்ததும் கறுத்துவிட்டது. அப்போது ஓட்டுச் சீட்டில் சின்னத்தின் மேல் முத்திரை குத்த வேண்டும். அந்தச் சீட்டை முதலில் நெடுக்காக மடி, பிறகு குறுக்காக மடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். முத்திரை மை வேறு சின்னத்தில் ஒட்டிவிடுமோ என்று பயம். தட்டிக்குப் பின்னால் நின்று ஊதி ஊதிக் காயவைத்தேன். வெளியே ஆள் காத்திருக்கிறார்கள் என்று அதட்டினார்கள். இருக்கட்டும் என்று இன்னும் ஒரு தடவை ஊதிவிட்டுத்தான் மடித்தேன்.

தம்பி: தாத்தா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன்.

தாத்தா: அம்மாடி, என் முதல் ஓட்டு 1967. சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டுக்கும் ஒரே நாளில் போட்டேன். அதைவிட என் அம்மா 1952இல் போட்டதைச் சொல்ல வேண்டும். பெயர் எழுத வந்தவரிடம் வீட்டு ஆண்கள் ‘இன்னார் சம்சாரம்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். அப்படி எழுதினால் செல்லாது என்று அவர் பேனாவை மூடப் போனாராம். அம்மா கதவுக்குப் பின்னால் இருந்தே தன் பெயரைச் சொல்லிவிட்டார். அந்தத் தேர்தலில் சொந்தப் பெயர் சொல்லாததால் நாடு முழுக்க சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டது.

தாத்தா: அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. சீட்டில் எதுவும் குறிக்க வேண்டாம், பிடித்த பெட்டியில் போட்டால் சரி. எனக்கு ஏழு வயது. திரும்பி வரும்போது அம்மா ரொம்ப வேகமாக நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன்.

காவ்யா: தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயர் என்ன? எனக்குத் தெரியவே தெரியாது.

தாத்தா: அங்கம்மாள்.

செல்வி அத்தை: அப்பா, எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். ஆத்தா என்றுதானே கூப்பிடுவோம்.

காவ்யா: அங்கம்மாள். எழுதி வைத்துக்கொண்டேன்.

செல்வி அத்தை: காலையில் ஆறே முக்காலுக்கு வாசலில் நிற்பேன். சேர்ந்தே போவோம்.