கரவனோடு பிரான்ஸ் போய்வந்த ஆக்கள் இருக்கிறீங்களா?

வணக்கம். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கரவனை (காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற வீட்டு வண்டி) இழுத்துக்கொண்டு கடலடிச் சுரங்க ரயிலில் பிரான்சின் கலே போய், அங்கிருந்து மேற்குப் பக்கம் இருக்கிற வொந்தே கடற்கரைக்குப் போக யோசிக்கிறோம். இங்கிலாந்துக்குள்ளே இழுத்துப் பழக்கம் உண்டு, கடல் தாண்டுவது இப்பதான். காப்புறுதி, வண்டியில் எந்த நாடு என்று காட்ட ஒட்டும் 'யுகே' ஸ்டிக்கர் எல்லாம் ஆயத்தம்.

தலையிடி கரண்டுதான். அங்கே கரவன் நிறுத்தித் தங்கும் சில முகாம்களில் 6 அம்பியர்தான் தருகிறார்கள். 230 வோல்ட்டில் அது 1380 வாட். எங்கட கேத்தல் 3000 வாட், போட்ட உடனே பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். ரைஸ் குக்கர் 700 தான். பிரிட்ஜோடு சேர்த்துப் போட்டால் தாங்குமா? காசு கூடக் கொடுத்து 10 அம்பியர் எடுப்பது நல்லதா? பழைய இடங்களில் கரண்ட் வயர்கள் இரண்டும், லைவும் நியூட்ரலும், இடம் மாறி வருமாம். அதற்கு என்ன செய்தனீங்கள்?

சுங்கச்சாவடியிலும் பிரச்சினை: எங்கட ஸ்டியரிங் வலப்பக்கம், காசு கட்டும் பெட்டி இடப்பக்கம். நிற்காமல் தானாகக் காசு கழிக்கிற ராக் (tag) வாங்கினால் கரவனுக்கும் வேலை செய்யுமா?

இறைச்சி, பால் சாமான் கொண்டுபோக ஏலாது, நெய்யும்தான். அம்மா இன்னும் நம்பவில்லை. மீனுக்குத் தடையில்லை என்றதும் கருவாடு கட்டத் தொடங்கிவிட்டா. பூட்டின கரவனுக்குள், ஓகஸ்ட் வெயிலில்! மணம் வராமல் கட்ட வழி இருந்தால் அதையும் சொல்லுங்கோ.