கொள்ளில் கலந்த வயிற்றுப் பொடியைக் குதிரை தொட மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கோட்டையூர் செவலை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு வயதுப் பெட்டைக்குதிரை ஒன்று இருக்கிறது. செவலை, எடை 300 கிலோ இருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நடக்கும் பந்தயங்களில் வண்டி இழுக்கும். சித்திரையில் ஒரு பந்தயம் முடிந்து வந்த இரவு வயிற்றுவலியில் காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது, படுத்து உருளப் போனது. டாக்டர் வந்து ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டார். விடியற்காலை அது லத்தி போட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

அப்புறம் அவர் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். ஈஸ்ட் கலந்த செரிமானப் பொடி. காலை 25 கிராம், மாலை 25 கிராம், ஒரு மாதம். முதல் மூன்று நாள் கொள்ளோடு சேர்த்துத் தின்றது. நான்காம் நாளிலிருந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளிக்கிறது. வெல்லம் போட்டேன், அதிகமாகப் போட்டேன், பயனில்லை. நேற்று தொட்டியையே தட்டிவிட்டது. இப்போது பொடி போடாத கொள்ளைக் கூடச் சந்தேகமாகப் பார்க்கிறது. மறுபடி அந்த இரவு மாதிரி ஒன்று வந்துவிடுமோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. குதிரை வைத்திருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

புதுவயல் வண்டி

தம்பி, இதற்கு எதற்குக் கவலை? மாட்டுக்குப் புகட்டுவது போல மூங்கில் குழாய்க் கொட்டத்தில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றிவிடு. எங்கள் ஐயா காலத்தில் எல்லாம் அப்படித்தான்.

பள்ளத்தூர் அக்கா

அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். குதிரைக்கு அதைச் செய்யக் கூடாது. தலையைத் தூக்கிவிட்டால் அதற்கு ஒழுங்காக விழுங்க வராது. கரைத்த மருந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் சீழ் பிடிக்கும். என் அண்ணன் வீட்டுக் குட்டி ஒன்றை அப்படித்தான் இழந்தோம். அது இருமியபோது புரையேறிவிட்டது என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல், பத்தாம் நாள் இல்லை. தம்பி, தயவுசெய்து கொட்டம் வேண்டாம்.

புதுவயல் வண்டி

சரிம்மா, அது எனக்குத் தெரியாது. நான் சொன்னதை விட்டுவிடு தம்பி. வேண்டுமானால் இந்தப் பொடிக்குப் பதில் மாட்டுக்குக் கொடுக்கும் வயிற்றுப் பொடி என்னிடம் இருக்கிறது. என் மாடு விரும்பித் தின்னும்.

லாயம் பார்த்தவன்

இரண்டு பேரும் ஒரு நிமிடம் பொறுங்கள். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாட்டுக்கோ கோழிக்கோ தயாரித்த கலவையைக் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து இருக்கும். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்கச் சேர்ப்பார்கள், மாட்டுத் தீவனத்திலும் சேர்ப்பதுண்டு. மாடு தாங்கும் அளவைக் குதிரையின் இதயம் தாங்காது, மிகக் குறைந்த அளவே கொன்றுவிடும். அதற்கு முறிமருந்தும் கிடையாது. கோழித் தீவன மூட்டையும் குதிரையின் கொள்ளு மூட்டையும் ஒரே அறையில் இருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

சரி, தம்பி. வழி சொல்வதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும். கொள்ளை எப்போது வேகவைக்கிறாய்? பொடியைச் சூட்டோடு கலக்கிறாயா, ஆறியபிறகா? காலைப் பங்கு தனியாகச் செய்கிறாயா? தொட்டி என்ன தொட்டி, எப்போது கழுவுகிறாய்? வைக்கோலை மென்று சக்கையாக உருட்டிக் கீழே போடுகிறதா? ஒரு நாளைக்கு என்னென்ன, எவ்வளவு தின்கிறது?

கோட்டையூர் செவலை

ஐயா, நீங்கள் கேட்டதற்காகவே நன்றி. விவரமாகச் சொல்கிறேன்.

மாலை நாலு மணிக்குக் கொள்ளை வேகவைப்போம். அதில் பாதியை ஆறு மணிக்கு வைப்பேன், மீதியை மூடி வைத்துக் காலை ஐந்து மணிக்கு வைப்பேன். முதல் மூன்று நாள் பொடியைக் கொதிக்கும் கொள்ளிலேயே போட்டுக் கிளறினேன். அப்புறம் பாக்கெட்டில் சூட்டில் கலக்கக் கூடாது என்று போட்டிருந்ததைப் பார்த்து, வெதுவெதுப்பாக ஆறிய பிறகு பொடியும் வெல்லமும் சேர்த்தேன். இரண்டு வேளைக்கும் சேர்த்தே கலந்துவிடுவேன். பிளாஸ்டிக் தொட்டி. தினமும் அலசுவேன், சோப்புப் போட்டது இல்லை.

உருட்டிப் போடுவதை நான் கவனித்ததில்லை. கொள்ளு காய்ந்த எடைக்கு வேளைக்கு இரண்டு கிலோ. கோதுமைத் தவிடு ஒரு கிலோ. இரவு ஒரு கட்டு வைக்கோல். பகலில் வேலியோரம் கட்டினால் கிடைத்த புல்லை மேயும், இப்போது வெயிலில் புல்லே இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். எங்கள் அப்பத்தா காலையில் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் "புளிச்ச மாவு வாடை அடிக்குதுடா" என்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லாயம் பார்த்தவன்

அப்பத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், தம்பி. உன் கேள்விக்குப் பதில் அந்த வாடையில்தான் இருக்கிறது.

முதல் மூன்று நாள் ஏன் தின்றது? கொதிக்கும் கொள்ளில் போட்டதால் ஈஸ்ட் செத்துப்போனது. 55, 60 டிகிரியைத் தாண்டினால் அது தாங்காது. பொடி வயிற்றுக்குள் போனது, ஆனால் வேலை செய்யும் உயிர் அதில் இல்லை. நான்காம் நாள் நீ சரியாக ஆறவைத்துக் கலந்தாய். உயிரோடு இருந்த ஈஸ்டுக்கு ஈரக் கொள்ளு, வெல்லம், மூடிய தொட்டி, நம் ஊர் வைகாசிப் புழுக்கம், பதினோரு மணி நேரம் எல்லாம் கிடைத்தன. இட்லி மாவு பொங்குவது போலப் புளித்துவிட்டது. நீ வெல்லத்தைக் கூட்டக் கூட்ட அதற்குத் தீனி கூடியது. புளித்த தீனியைக் குதிரை ஒதுக்கியது நல்லதுதான். தின்றிருந்தால் வயிற்றில் காற்று அடைத்து மறுபடி வலி வந்திருக்கலாம். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வாய் வழியாகத் திரும்பி வராது, அதனால் மூக்கை நம்பித்தான் அது வாழ்கிறது.

காலையில் பட்ட பாட்டை அது மாலைக்கும் ஞாபகம் வைத்துக்கொண்டது. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் வாடை ஏறி நிற்கும், தண்ணீரில் அலசினால் போகாது. அதனால்தான் வெறும் கொள்ளையும் சந்தேகப்படுகிறது.

இனி செய்ய வேண்டியது. மூன்று நாள் பொடியை நிறுத்து. டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்து. தொட்டியை மாற்று. எவர்சில்வர் அகலப் பாத்திரம் போதும். கொள்ளை அந்தந்த வேளைக்குப் புதிதாக வேகவைத்து, வேறெதுவும் சேர்க்காமல் வை. தீனியை மறுபடி நம்பித் தின்னட்டும். அதற்குப் பிறகு பொடியைக் கொள்ளில் போடாதே. தீனி வேறு, மருந்து வேறு என்று ஆக்கிவிடு. ஒரு கைப்பிடி தவிட்டை லேசாக நனைத்து, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பாதி பிசைந்து, அதில் கால் தேக்கரண்டி பொடி சேர்த்து எலுமிச்சம்பழ அளவு உருண்டையாகப் பிடி. வைக்கும் நேரத்தில்தான் பிடிக்க வேண்டும். வெறும் கையில் நீட்டு. இரண்டு நாள் தின்றால் அரைத் தேக்கரண்டி. இப்படியே எட்டு, பத்து நாளில் முழு அளவுக்கு வா. அவசரப்பட்டு ஒரே நாளில் 25 கிராம் போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

இப்போது பொடியை விடப் பெரிய விஷயம் ஒன்று. நீ கொடுக்கும் தீனியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 300 கிலோக் குதிரைக்கு ஒரே வேளையில் இரண்டு கிலோ கொள்ளு மிக அதிகம். பெரிய குதிரைக்கே இரைப்பை பதினைந்து லிட்டருக்குள்தான் இருக்கும். அதிகமாகப் போட்டால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குள் தள்ளப்பட்டுப் புளிக்கிறது. தொட்டியில் நடந்ததேதான் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. கூடிப்போனால் குளம்பு அழற்சி வந்து காலே போய்விடும்.

மாடு போல இல்லை, குதிரையின் இரைப்பையில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் நாள் முழுதும் ஊறிக்கொண்டே இருக்கும். எச்சில் மட்டும் மெல்லும்போதுதான் ஊறும். அமிலத்தை ஆற்றுவது அந்த எச்சில். பகலெல்லாம் மெல்ல ஒன்றுமில்லாமல் கட்டிப்போட்டால் இரைப்பை வெந்து புண்ணாகிவிடும். காய்ந்த எடைக்கு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ நார்த்தீனி அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கொள்ளை வேளைக்கு ஒரு கிலோவுக்குள் குறைத்து மூன்று வேளையாகப் பிரி. தவிட்டையும் பாதியாக்கு. அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, வருஷக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்தால் எலும்பு பாதிக்கும். எந்த மாற்றத்தையும் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய். வண்டியில் பூட்டும் முன் இரண்டு கைப்பிடி வைக்கோலாவது தின்னட்டும், வெறும் வயிற்றில் ஓடினால் அமிலம் குலுங்கி மேலே தெறிக்கும்.

தேவகோட்டை ரஸ்தா

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெந்தயம் பயன்படுத்திப் பாருங்கள். 2005-ல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வில் குதிரைகளுக்குப் பலவித மணங்களில் தீனி வைத்துப் பார்த்தார்கள். முதலிடம் வெந்தயத்துக்கு, அடுத்து வாழைப்பழம். சீரகமும் பிடித்தவற்றில் இருந்தது. நம் அடுக்களையில் இருப்பதுதானே. நான் வறுத்த வெந்தயத்தைப் பொடித்து ஒரு சிட்டிகை உருண்டையில் தூவுவேன். முதலில் மருந்தில்லாத உருண்டையில் அந்த மணத்தைப் பழக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெந்தய வாடை வந்தாலே மருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளும்.

உருண்டைக்கும் ஒத்துவராவிட்டால் ஊசி இல்லாத 60 மில்லி சிரிஞ்ச். முதல் மூன்று நாள் வெறும் வெல்லத் தண்ணீர் மட்டும் கொடுங்கள், சிரிஞ்சைக் கண்டாலே உதட்டை நீட்ட ஆரம்பிக்கும். அப்புறம் பொடியைக் கெட்டியாகக் குழைத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் கடிவாளம் உட்காரும் வெற்றிடம் இருக்கிறதே, அது வழியாக நாக்கின் மேல் வையுங்கள். வாயில் தீனி இருக்கக் கூடாது. தலை இயல்பாக இருக்கட்டும், தூக்க வேண்டாம்.

பள்ளத்தூர் அக்கா

நார்த்தீனிக்குக் குதிரைமசால் கிடைத்தால் கொஞ்சம் சேர்த்துக்கொள் தம்பி. பெயரிலேயே குதிரை இருக்கிறது. அதில் கால்சியம் அதிகம், இரைப்பை அமிலத்தையும் மட்டுப்படுத்தும். நாற்றுக்காரரிடம் கேட்கும்போது கவனம், வேலிமசால் வேறு செடி. கடலைக்கொடியும் நல்லதுதான், ஆனால் பூஞ்சைப் பிடித்தது ஒரு கொத்துக்கூட வேண்டாம், மண்ணை உதறிவிட்டுப் போடு.

மண் என்றதும் ஞாபகம் வருகிறது. தரையில் போட்டா தீனி வைக்கிறாய்? நம் செம்மண் பூமியில் புல் இல்லாத காலத்தில் குதிரை மண்ணோடு சேர்த்துத்தான் நக்கும். புது லத்தி இரண்டு, மூன்று உருண்டையைத் தரையில் படாத பக்கமாக எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டில் தண்ணீரில் கரைத்து வை. கால் மணி நேரத்தில் அடியில் மணல் தங்கினால் டாக்டரிடம் காட்டு. எங்களுக்கு இசப்கோல் உமி எழுதிக் கொடுத்தார்கள். அது தண்ணீர் பட்டதும் கூழாகிவிடும், குதிரைக்கு அந்த வழவழப்புப் பிடிக்காது. லேசாக ஈரப்படுத்திய தவிட்டில் கலந்த உடனே வைத்துவிட வேண்டும்.

கோட்டையூர் செவலை

படிக்கப் படிக்க மனசு கனத்துவிட்டது. நல்லா ஓட வேண்டும் என்றுதான் கொள்ளைக் கூட்டினோம். இன்று மாலையே தொட்டியை மாற்றிவிட்டேன். டாக்டரிடமும் பேசிவிட்டேன். மூன்று நாள் நிறுத்தலாம் என்றார், கொள்ளைக் குறைக்கும்படி அவர் முன்பே சொன்னதையும் ஞாபகப்படுத்தினார்.

ஒரு சந்தேகம். இந்தப் பத்து நாளுக்குள் மறுபடி வலி வந்தால்?

லாயம் பார்த்தவன்

தீனியை எடுத்துவிடு, டாக்டரைக் கூப்பிடு. அவர் கிடைக்காவிட்டால் 1962-க்கு அடி, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கடைசியாக எப்போது லத்தி போட்டது, எப்போது தண்ணீர் குடித்தது என்று குறித்து வை, முதலில் அதைத்தான் கேட்பார்கள். உருளப் பார்த்தால் மெதுவாக நடத்து, ஓட விடாதே. பழைய ஊசி மருந்து வீட்டில் மீதி இருந்தாலும் நீயாகப் போடாதே. சாயந்திரம் தொடங்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கோட்டையூர் செவலை

பதினாலு நாள் ஆகிறது. எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

முதல் இரண்டு நாள் எவர்சில்வர் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்தது. மூன்றாம் நாள் கொள்ளை மிச்சமில்லாமல் தின்றது. நான்காம் நாள் வெறும் தவிட்டு வாழைப்பழ உருண்டை, சிட்டிகை வெந்தயத்தோடு. வாங்கி, வாயில் ஒதுக்கி வைத்து யோசித்தது, அப்புறம் விழுங்கியது. ஐந்தாம் நாளிலிருந்து கால் தேக்கரண்டிப் பொடி. ஒன்பதாம் நாள் கொஞ்சம் அவசரப்பட்டு இரட்டிப்பாக்கினேன், துப்பிவிட்டது. ஐயா சொன்னது ஞாபகம் வந்து பின்னால் போய் மறுபடி ஏற்றினேன். இன்று வேளைக்கு 20 கிராம் வரை வந்துவிட்டேன், நான்கு உருண்டையாகப் பிரித்து. அப்பத்தாதான் பிடித்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் கையென்றால் தேடி வந்து தின்கிறது.

வைக்கோலை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், பகலெல்லாம் இழுத்து மென்றுகொண்டே இருக்கிறது. பாட்டிலில் லேசாக மணல் தங்கியது, டாக்டரிடம் காட்டியிருக்கிறேன். லத்தி உருண்டை உருண்டையாக, முன்பு போல நாற்றமில்லாமல் விழுகிறது. கடலைக்கொடி மெல்லும்போது மட்டும் இடது பக்கம் தலையைச் சாய்க்கிறது. நீங்கள் கேட்காவிட்டால் இதைக் கவனித்திருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பல் பார்க்க டாக்டர் வருகிறார். ஆடி வரை வண்டியில் பூட்டப்போவதில்லை.

லாயம் பார்த்தவன்

நல்லது தம்பி. கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் குத்தினால் அப்படித்தான் சாய்க்கும், அரம் போட்டு ராவினால் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை அவர் என்ன சொன்னார் என்று எழுது. அப்பத்தாவுக்கு என் வணக்கம் சொல்.