தேய்ந்த பெர்ஃபாமன்ஸ் டயர்களின் இரைச்சல்: செலவு செய்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: ஓசூர் ரோடு பயணி, பெங்களூரு

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் முன்சக்கர இயக்கம் கொண்ட டர்போ பெட்ரோல் செடான் ஒன்று உள்ளது. பின்பக்கம் மல்டி-லிங்க் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல தனித்தனிக் கைகள் பிடித்திருக்கும் அமைப்பு). டயர் அளவு 225/45 ஆர் 17, வேகக் குறியீடு டபிள்யூ. வண்டியுடன் வந்த பெர்ஃபாமன்ஸ் வகை டயர்களே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. தொடக்கத்தில் சாலைச் சத்தம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. இப்போதோ மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்னிருக்கைப் பக்கத்திலிருந்து ‘வூம், வூம்’ என்று ஓர் உறுமல் தொடங்கி, 80-இல் உச்சத்துக்குப் போய், அதற்கு மேல் விடாத ரீங்காரமாக மாறிவிடுகிறது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் செல்லும்போது, பின்னால் அமர்ந்திருக்கும் என் தாயார் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. வொயிட் டாப்பிங் (தார் மேல் கான்கிரீட் பரப்பு) செய்யப்பட்ட நகரச் சாலைகளில் இன்னும் மோசம். அத்திப்பள்ளியைத் தாண்டி, நல்ல தார்ப் பரப்பு வரும் இடங்களில் ஓரளவு அடங்குகிறது.

மூன்று இடங்களில் காட்டினேன். சர்வீஸ் சென்டரில் வீல் பேரிங் போயிருக்கலாம் என்றார்கள். டயர் கடையில் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். ஆக்சஸரீஸ் கடையிலோ தரைக்கும் கதவுகளுக்கும் அதிர்வைக் குறைக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினால் சத்தமே கேட்காது என்கிறார்கள். டிரெட்டின் (தரையைத் தொடும் வரிப்பள்ளப் பரப்பு) நடுப்பகுதியில் இன்னும் 4 மி.மீ. ஆழம் இருக்கிறது; சட்டப்படியான 1.6 மி.மீ. வரம்பை எட்ட இன்னும் நாள் இருக்கிறது. இந்த நிலையில் எதை முதலில் செய்வது பொருத்தம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: அல்சூர் அண்ணாச்சி

வணக்கம் தம்பி. டயர் தொழிலிலேயே என் காலம் கழிந்தது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. சாலைப் பரப்பு மாறும்போது சத்தமும் மாறுகிறது என்றால் முதல் சந்தேகம் டயரின் மேல்தான் விழ வேண்டும். பேரிங் சத்தம் கான்கிரீட்டானாலும் தாரானாலும் பெரிதாக மாறாது. வளைவில் எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கூடும், குறையும். இடப்பக்க வளைவில் செல்லும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் ஓங்கினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஐயம் தீர வேண்டுமானால் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்துப் பாருங்கள். பேரிங் கெட்டிருந்தால் நறநறவென்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்து சேரும்.

டிரெட் ஆழத்தை நடுவில் மட்டும் அளந்திருக்கிறீர்கள். சத்தத்தைப் பொறுத்தவரை நடுப்பகுதி அதிகம் சொல்லாது. பின்சக்கரத்தைக் கழற்றித் தரையில் நிறுத்தி, வண்டியின் உட்பக்கமாக இருக்கும் ஓரத்து பட்டன்களின் (டிரெட்டில் துண்டு துண்டாக நிற்கும் ரப்பர் கட்டைகள்) மேல் உள்ளங்கையை வைத்து, சக்கரம் உருளும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்று போய், மறு திசையில் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் ரம்பப் பல் போலக் கையைத் தடுத்தால், உங்கள் உறுமலின் பிறப்பிடம் அதுதான். முன்சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் பின்சக்கரங்கள் எடை குறைவாகத் தாங்கி, இழுவிசை எதுவும் இல்லாமல் வெறுமனே உருண்டுகொண்டு போகின்றன. அதனால் பட்டனின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே அளவில் தேய்வதில்லை. கேம்பர் காரணமாகச் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருப்பதால் உள்ளோரத்தில் இது இன்னும் கடுமையாக இருக்கும். வண்டி நிற்கும்போது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த ஓரம் கண்ணிலேயே படாது. டயர் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலரும் நினைத்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

அகலவாக்கில் தடவும்போது ஒரு பக்கம் மட்டும் கூர்மை தெரிந்தால் டோ அளவு (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. விட்டுவிட்டுப் பள்ளமும் மேடுமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது பேலன்சிங் இல்லாமல் நெடுநாள் ஓடியிருக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தக் கடையிலும் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழைய காரணம் அப்படியே இருந்தால், புது டயரும் அதே ஓரத்தில் அதே மாதிரி தேயும்.

மறுமொழி: ஒலியும் அதிர்வும்

ஐயா சொன்னது முற்றிலும் சரி. வாகனங்களின் இரைச்சலையும் அதிர்வையும் அளக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

உங்கள் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சுமார் 22 மீட்டர். ஆகவே சக்கரம் நொடிக்கு 11 முறை சுற்றுகிறது. ஓரத்தில் 70 பட்டன்கள் இருந்தால், அவை தரையில் மோதும் ஒலி 780 ஹெர்ட்ஸ் அருகில் அமையும். டயர் இரைச்சல் பொதுவாக உச்சம் தொடும் 800 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஒட்டி அது வருகிறது. டயர் வடிவமைப்பாளர்கள் பட்டன்களை ஒரே நீளத்தில் அமைப்பதில்லை. சற்று நீளமும் சற்றுக் குட்டையுமாகக் கலந்து அமைத்து, ஒலி ஒரே சுருதியில் குவியாமல் பல சுருதிகளாகப் பிரிந்துபோகும்படி செய்கிறார்கள். ஒழுங்கற்ற தேய்மானம் வந்ததும் ஒவ்வொரு மோதலும் வலுவாகி, இந்த ஏற்பாட்டின் பலன் குறைந்துவிடுகிறது.

நீங்கள் குறிப்பிடும் ‘வூம், வூம்’ வேறு வகை. அது தாழ்ந்த சுருதி. ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தால், அதே வேகத்தில் 110 முதல் 135 ஹெர்ட்ஸ் வரையிலான உறுமல் பிறக்கும். இடது, வலது டயர்களின் சுற்றளவு தேய்மானத்தால் மிகச் சிறிய அளவில் வேறுபடும்போது இரண்டு உறுமல்களும் ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் ஏறி இறங்குகின்றன. அந்த ஏற்ற இறக்கம்தான் உங்கள் காதில் விழுகிறது. எனவே பின்சக்கரங்கள் இரண்டிலுமே தேய்மானம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

டேம்பிங் ஷீட்டைப் பற்றி: அலுமினியத் தகடு சேர்த்த பியூட்டைல் ஷீட் இரும்புத் தகடுகள் அதிர்வதைக் குறைக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் சக்கர வளைவு வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் காற்றிலேயே உள்ளே நுழையும் ஒலியைத் தடுக்க அது மட்டும் போதாது. அதற்கு எடை கூடிய தடுப்புப் படலமும் நுரைப் பஞ்சும் சேர வேண்டும். வண்டியின் எடையும் செலவும் ஏறும். ரம்பத் தேய்மானம் உள்ள டயரை அப்படியே ஓடவிட்டு உள்ளே ஷீட் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூலத்தைச் சரிசெய்த பிறகும் குறை தெரிந்தால் பின்சக்கர வளைவுகளுக்கு மட்டும் செய்துபாருங்கள்.

இன்னொன்று. டயர்களுக்குத் தரப்படும் டெசிபல் அளவை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு செல்லும்போது, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்ரோஃபோன் பதிவு செய்யும் அளவு அது. தெருவில் நிற்பவருக்குக் கேட்கும் சத்தம்; அதுவும் புது டயரின் சத்தம். 32,000 கிலோமீட்டருக்குப் பிறகு உங்கள் தாயாருக்குப் பின்னிருக்கையில் என்ன கேட்கும் என்பதை அது சொல்லாது.

மறுமொழி: ஜெயநகர் வாசகர்

நான் சற்று மாறுபடுகிறேன். பெர்ஃபாமன்ஸ் டயர்களின் ரப்பர், பிடிப்புக்காக மிருதுவாகச் செய்யப்படுவது. வெயிலிலும் ஓசோனிலும் ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது அது இறுகுகிறது. இறுகிய ரப்பர் சத்தமும் போடும், ஈரத்தில் வழுக்கவும் செய்யும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். ஐந்து ஆண்டைக் கடந்திருந்தால், சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட மழைக்காலத்தில் பிரேக் பிடிப்பதைப் பற்றிக் கவலைப்படுவதே முக்கியம். சட்ட வரம்பு 1.6 மி.மீ. என்றாலும், 3 மி.மீ.க்குக் கீழே போனதும் தேங்கிய நீரில் டயர் மிதக்கும் ஆபத்து வேகமாகக் கூடுகிறது. நம் ஊர் அண்டர்பாஸ்களில் மழை நாளில் எவ்வளவு நீர் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி கேட்டவர்: ஓசூர் ரோடு பயணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாச்சி சொன்னபடியே ஜே.சி. ரோடு பக்கம் உள்ள ஒரு கடையில் பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங்கில் கை வைத்தபோது அதிர்வு இல்லை. பேரிங் நன்றாகவே இருக்கிறது. உள்ளோரத்து பட்டன்களில் கையை எதிர்த்திசையில் நகர்த்தவே முடியவில்லை, தோல் சிக்குகிறது. இடது பின்சக்கரத்தில் உள்ளோர ஆழம் 3 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு, வெளியோரம் 4.5 மி.மீ.

நான்கு சக்கர அலைன்மென்ட் அறிக்கையும் எடுத்தேன். சற்று உள்நோக்கி இருக்க வேண்டிய இடது பின்சக்கரம் வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது. இதற்கு முன் அலைன்மென்ட் செய்த கடையின் பழைய அறிக்கையை இப்போது எடுத்துப் பார்த்தால், அதில் பின்சக்கரங்களுக்கான கட்டங்கள் காலியாகவே உள்ளன. டயர்கள் சமச்சீரற்ற டிரெட் வகை. பக்கச் சுவரில் ‘வெளிப்பக்கம்’ என்று மட்டும் பொறித்திருக்கிறது, திசை அம்பு இல்லை. தயாரிப்பு எண் 1820. இனி இந்த டயர்களுக்கே வாழ்வு உண்டா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மறுமொழி: அல்சூர் அண்ணாச்சி

நன்றாகச் சோதித்திருக்கிறீர்கள் தம்பி. முதலில் இடது பின்பக்க சஸ்பென்ஷன் கைகளின் புஷ்களை (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகள்) ஒரு நெம்புகோலால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் கிழிந்திருந்தால் டோவைச் சரிசெய்தாலும் ஓட்டத்தில் மறுபடியும் விலகிவிடும். புஷ் நன்றாக இருந்து, ஏதோ ஒரு பெரிய குழியில் இறங்கியதால் மட்டும் விலகியிருந்தால், மல்டி-லிங்க் ஆகையால் போல்ட்டைத் திருப்பியே சரிக்குக் கொண்டுவந்துவிடலாம். இரு பின்சக்கரங்களையும் ஒரே விட்டம் இணைக்கும் டார்ஷன் பீம் வண்டியாக இருந்திருந்தால் இது இவ்வளவு எளிதல்ல.

திசை அம்பு இல்லாததால் டயர்களைக் குறுக்காக மாற்றலாம்: பின் இடதை முன் வலதுக்கும், பின் வலதை முன் இடதுக்கும் கொண்டுபோங்கள். இதனால் அவை உருளும் திசை தலைகீழாகும். இழுவிசையும் எடையும் சேர்ந்து ரம்ப விளிம்புகளைச் சிறிது சிறிதாக அரைத்துச் சமப்படுத்தும். தொடக்கத்தில் சத்தம் முன்னால் வந்து இன்னும் கூடியதுபோலத் தோன்றும். அதற்காக மனம் தளர வேண்டாம். காற்றழுத்தத்தைக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். சத்தம் குறையட்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டாம்.

ஆனால் 1820 என்றால் 2020-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் தயாரானவை. உள்ளோரமும் 3 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டது. ஜெயநகர் நண்பர் சொன்னது இங்கே பொருந்துகிறது. கோடையில் வேண்டுமானால் இப்படி மாற்றிப் போட்டு ஓட்டலாம். பெருமழை தொடங்குமுன் நான்கையும் மாற்றிவிடுவதே என் ஆலோசனை. டோவைச் சரிசெய்வதை மட்டும் இன்றே செய்யுங்கள்.

மறுமொழி: ஒயிட்ஃபீல்டு மீனா

புது டயர் தேர்வுக்கு ஒரு குறிப்பு. நானும் இதே அளவு டயர் போட்ட வண்டி வைத்திருக்கிறேன். அப்பா, அம்மாவுடன் சேலத்துக்கு அடிக்கடி போய்வருவதால், பெர்ஃபாமன்ஸ் வகையை விட்டுவிட்டுச் சொகுசுப் பயண வகைக்கு மாறினேன். மிஷெலின் பிரைமசி 4 எஸ்டி போன்றவை அமைதியை முன்னிறுத்தி வடிவமைக்கப்பட்டவை. வளைவில் ஸ்டீயரிங்கின் கூர்மை சற்றுக் குறைந்தது உண்மை. பக்கச் சுவர் இளகலாக இருப்பதை உணர முடிகிறது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் உரையாடிக்கொண்டே போக முடிவதை நான் பெரிதாக நினைக்கிறேன். மலைப்பாதையில் விரும்பி ஓட்டுபவராக இருந்தால் நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், அதிலும் தவறில்லை.

உட்புறம் நுரை ஒட்டிய டயர்களைப் பற்றியும் கடைக்காரர்கள் சொல்வார்கள். டயருக்குள் அடைபட்ட காற்று, சுமார் 200 ஹெர்ட்ஸில், மேம்பால இணைப்புகளில் ஏறும்போது ‘டங்’ என்று ஒலிக்குமே, அந்த ஓசையைத்தான் நுரை குறைக்கும். ரம்பத் தேய்மான உறுமலுக்கு அது மருந்தல்ல. பஞ்சர் போடும்போது நுரையை வெட்டி எடுக்கவும் வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கார் நிறுவனம் சொன்னதற்குக் குறையாமல் இருக்கட்டும். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 94 என்றால் 670 கிலோ. செலவு கருதி இரண்டை மட்டும் இப்போது மாற்றுவதாக இருந்தால், புதியவை இரண்டையும் பின்பக்கமே போடச் சொல்லுங்கள். முன்சக்கர இயக்க வண்டி என்று சொல்லிச் சில கடைகளில் முன்னால் போடப் பார்ப்பார்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியை மீட்பது கடினம்.