ப்ராவனன்ஸ்: ‘வந்தவழி’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய ஓவியங்களுக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘ப்ராவனன்ஸ்’ (provenance, அதாவது ஒரு பொருள் எங்கே தோன்றி, யார் யார் கை மாறி வந்தது என்ற விவரம்) என்ற இடம் மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கிறது. இதுவரை வந்த மடல்களை இரண்டு முறை படித்தேன். மூலம், தோற்றுவாய், பூர்வீகம், உடைமை வரலாறு, கைவழி என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. எனக்குத் தோன்றுவது ‘வந்தவழி’. ஏன் என்று சொல்ல எங்கள் வீட்டுப் படம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் வளவில் (பங்காளிகள் சேர்ந்து இருந்த பெரிய வீட்டில்), சாமி வீட்டுக் கதவுக்கு மேலே ஒரு சரஸ்வதி படம் தொங்கும். தேக்குச் சட்டம், கண்ணாடி, சேலைக்கு மட்டும் சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்தது. “ராஜா ரவிவர்மா கையால எழுதுனது” என்று அப்பத்தா சொல்லிச் சொல்லி நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். சாமான்களைப் பங்கு வைத்தபோது அது என் பங்குக்கு வந்தது. விலை போட வந்த ஒருவர் சட்டத்தைக்கூடக் கழற்றாமல் ஒரிஜினல் என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார். அடுத்த வாரம் வந்தவர், காலண்டர் படம், சட்டத்துக்குத்தான் காசு என்றார். இரண்டு பேருமே படத்தின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

நானே கழற்றினேன். பின்பலகையில் துருப்பிடித்த ஆணி எட்டு. உள்ளே கரையான் மண். சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த வெள்ளைப் பகுதியில், கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ‘ரவிவர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா’ என்று இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அம்மன் கன்னத்தில் தூரிகைத் தடமே இல்லை, சின்னச் சின்னப் புள்ளிகள்தான். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல் வைத்து அடித்த கல்லச்சு (லித்தோகிராஃப்) அது. அடித்து முடித்த பிறகு துணியில் எழுதிய எண்ணெய் ஓவியம்போலத் தெரிய வேண்டும் என்று மேலே வார்னிஷ் பூசுவார்கள், சொரசொரப்பும் ஏற்றுவார்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போனது. பிறகு அவரிடம் வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில்நுட்பர் பிரிட்ஸ் ஷ்லைஷரே அதை வாங்கிக்கொண்டார். ஆக, இந்த ஒரு வரி இரண்டு செய்தி சொல்லிவிட்டது: இது கையால் வரைந்ததில்லை, அச்சகம் இடம் மாறுவதற்கு முன்னால் அச்சானதும் இல்லை.

அப்புறம்தான் சுவையான இடம். பின்பலகையில் பென்சிலால் ‘பிலவ ஆவணி, 3ம் பங்கு’ என்று எழுதியிருந்தது. பிலவ வருஷம் 1901இலும் வந்தது, 1961இலும் வந்தது. அறுபதாண்டுச் சக்கரத்தில் எழுதிய குறிப்புகளில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. 1901 என்றால் படம் அச்சாகிச் சுடச்சுட எங்கள் வீட்டுக்கு வந்தது என்று ஆகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் ஆசை. ஆனால் அந்தக் கையெழுத்து பெரியப்பச்சி, அதாவது பெரியப்பாவுடையது. அந்த ‘ஆ’ போடும் விதத்தை அவருடைய கடிதங்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 1901இல் அவர் பிறக்கவே இல்லை. அப்படியானால் 1961தான். பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன், ஆண்டும் மாதமும் பொருந்தின. அதற்கும் பின்னால் போனால் அப்பத்தாவின் கல்யாணச் சாமான் பட்டியல் இருக்கிறது. ‘சரசுவதி படம் கண்ணாடி போட்டது 1’ என்று ஒரே வரி. ஆகப் படம் எங்கள் வீட்டில் வாங்கியது இல்லை, அப்பத்தா பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தது. அச்சகத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? பம்பாயா, சென்னையா, ரங்கூன் கடையா? அந்த இடம் காலியாக இருக்கிறது.

இந்தத் தொடருக்குத்தான், நடுவில் இருக்கும் ஓட்டையையும் சேர்த்து, நாம் பெயர் தேடுகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வந்த சொற்களைப் பார்ப்போம்.

> ‘மூலம்’ போதுமே. பத்திர எழுத்தர்கள் மூலப்பத்திரம் என்கிறார்களே.

மூலப்பத்திரத்தை நினைவுபடுத்தியதற்கு ஐயாவுக்கு நன்றி. நிலம் வாங்கும்போது நாம் செய்வதும் இதே வேலைதான். இன்னாரிடமிருந்து இன்னார் கிரயம் பெற்று, அவர் வாரிசுகளுக்குப் பாத்தியப்பட்டு என்று ஒவ்வொரு கையாகப் பின்னால் போகிறோம். நடுவில் ஒரு கை விட்டுப்போனால் பதறுகிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். ஓவியம் வாங்குகிறவரும் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் ‘மூலம்’ என்ற சொல்லை ஓவியத்துறையில் ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்துவிட்டோம். மூலப்படம் என்றால் ஒரிஜினல். ‘மூலப்படத்தின் மூலம்’ என்று எழுதினால் படிக்கிறவர் தடுமாறுவார், அது ‘வழியாக’ என்ற பொருளிலும் படும்.

‘தோற்றுவாய்’ அழகான சொல், ஆனால் அது ஒரு புள்ளி. என் சரஸ்வதிக்குத் தோற்றுவாய் அச்சகம், சரி. அதோடு வேலை முடிந்துவிடவில்லையே. ‘பூர்வீகம்’ சொத்துச் சட்டத்தில் வேரூன்றிய சொல். பூர்வீக ஓவியம் என்றால் பாட்டன் சொத்து என்றுதான் யாருக்கும் புரியும். பழைய கடிதங்களில் ‘பூர்வோத்தரம்’ என்று ஒன்று வரும். ஒருவருடைய முன்பின் விவரம் முழுவதையும் குறிக்கும் சொல், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இன்றைக்குப் படிக்கிறவருக்கு அகராதி வேண்டியிருக்கும்.

> உடைமை வரலாறு என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும். விளக்கமாக எழுதும் இடத்தில் நானும் அதையே எழுதுவேன். ஆனால் உடைமையாளர் இல்லாத கட்டங்களும் இதில் அடங்க வேண்டும். திருட்டுப் பொருள் கைமாறுவதை உடைமை என்று எப்படிச் சொல்வது? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. சிலை வெகுகாலத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காகிதங்கள் காட்டப்பட்டன. எல்லாம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில் அதே சிலை கோயிலில் நிற்கிறது. 2014இல் சிலை திரும்பி வந்தது. அந்தக் காகிதங்களில் இருந்ததை ‘போலி உடைமை வரலாறு’ என்பதைவிட ‘பொய்யான வந்தவழி’ என்று எழுதிப் பாருங்கள். குற்றம் எங்கே என்று சட்டென்று தெரிகிறது.

‘கைவழி’ எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது, சிறியது, கை என்ற கருத்தும் உள்ளே இருக்கிறது. ஆனால் நம் ஆவணக் காப்பகத் தோழி சொன்னதை மறுக்க முடியவில்லை. காப்பகங்களில் இதே ஆங்கிலச் சொல், ஓர் ஆவணக்கட்டு எந்த அலுவலகத்தில் உருவாகி வந்தது என்பதைக் குறிக்கிறது. ஒரு துறையின் கோப்புகளை இன்னொன்றோடு கலக்கக் கூடாது என்ற அவர்களுடைய அடிப்படை விதியே அதன்மேல்தான் நிற்கிறது. கணினிக்காரர்களும் தரவுக்கு இதையே கேட்கிறார்கள். அங்கே கைக்கு என்ன வேலை? ‘தரவின் வந்தவழி’ என்றால் மூன்று துறைக்கும் இடறாமல் நிற்கும்.

அதோடு இது புதிதாகச் செய்த சொல்லும் இல்லை. “பணம் வந்த வழியைச் சொல்லு” என்று கேட்கிற கேள்விதான். நகைக்கடையில் பழைய நகையை நீட்டினால் கேட்பார்கள், அதிகாரி கேட்பார், அம்மாவும் கேட்பார். கேட்கிற குரலிலேயே ஒரு சந்தேகம் இருக்கிறது. ஓவியம் வாங்குகிறவருக்கு வேண்டியதும் அந்தச் சந்தேகம்தான்.

> இரண்டு சொல்லை ஒட்டவைப்பது கலைச்சொல் ஆகுமா? பெயரெச்சத் தொடர் அல்லவா?

யாழ்ப்பாணத்து நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் இறந்தகாலம் என்ற சொல்லும் பெயரெச்சத் தொடர்தானே? இலக்கணக்காரர்களே அதைச் சொல்லாக ஆண்டுவிட்டார்கள். இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதினால் போதும். ஒட்டும் நன்றாக விழுகிறது: வந்தவழியாய்வு, வந்தவழிச் சான்று, வந்தவழிக் குறிப்பு. ‘1938க்கு முன் வந்தவழி தெரியவில்லை’ என்று விற்பனைப் பட்டியலில் அப்படியே எழுதலாம்.

இதோடு இன்னும் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பும். யார் வரைந்தது என்று முடிவுகட்டுவது வேறு, அதற்கு ‘படைப்பாளர் துணிபு’ என்று ஏற்கெனவே பேசினோம். விலை மதிப்பீடு வேறு. மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் என்பது உண்மை. ரவிவர்மாவின் யசோதையும் கிருஷ்ணனும் உள்ள எண்ணெய் ஓவியம் ஒன்று 2023 ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. அவருடைய படைப்புகள் 1979 முதல் தேசியக் கலைச்செல்வம், நாட்டைவிட்டு விற்கவே முடியாது. அப்படியிருந்தும் அந்த விலை. அதே கைக்குச் சொந்தமான அச்சுப்படத்துக்கு வேறு கணக்கு. தாளின் நிலை, சரிகை வேலை, அச்சக வரி வெட்டப்படாமல் இருப்பது, எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் விலை. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று எத்தனையோ வீடுகளில் அந்த வெள்ளை விளிம்பை வெட்டி எறிந்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் வெட்டாதீர்கள், பழைய பின்பலகையையும் மாற்றாதீர்கள்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு வந்தவழி இன்னும் முக்கியம். பலாப்பலகையில் துணி ஒட்டி, மக்கு என்ற பசையால் புடைப்பு வைத்து, தங்கரேக்கு பதித்தவர் தம் பெயரை எழுதுவது அரிது. எந்த வீட்டில் விசாரித்தாலும் “சரபோஜி காலத்துது” என்பார்கள். இரண்டாம் சரபோஜி ஆண்டது 1798 முதல் 1832 வரை. அதைக் காட்ட வேண்டியது பத்திரமும் கடிதமும் பழைய புகைப்படமும்தான். நூறாண்டைத் தாண்டியது என்று தெரிந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அதை வேறொரு மடலில் பேசலாம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாகக் காப்பகத் தோழி, உங்கள் பணியிடத்தில் ‘வந்தவழி’யை ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொன்னால் பெரிய உதவி. அதுவரை பட்டியலில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு அப்பத்தா பிறந்த ஊருக்குப் போகிறேன். அந்த வீட்டில் ரங்கூன் கணக்குப் பேரேடுகள் இரண்டு பெட்டி நிறையக் கிடக்கின்றனவாம். ‘படம்’ என்று ஒரு வரி அகப்பட்டால் இங்கேயே எழுதுகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினன்