பூனைக்குச் சர்க்கரை: செங்கோட்டைப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் உண்டா?

எங்கள் வீட்டுப் பூனை மீனாட்சிக்கு வயது 12. கோடையில் தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்துகொண்டே இருந்தாள். வெயில்தானே என்று விட்டுவிட்டோம். இப்போது பின்னங்கால் குதி தரையில் படியத்தான் நடக்கிறாள். அடுக்களைத் திண்டில் ஒரே தாவலில் ஏறியவள், அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

முதலில் காட்டிய இடத்தில் வாதம் என்று மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை 412 என்பது நெல்லை ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குப் போனபின்தான் தெரிந்தது. நரம்பு பாதித்ததால் வந்த நடையாம். இப்போது கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு 1 யூனிட். ஊசிக்கு அசையக்கூட மாட்டாள். சர்க்கரை அளவு பார்க்கக் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதுதான் பெரும்பாடு. வெந்நீர்த் துணி ஒற்றியும் வருவதில்லை.

காதில் சரியாக எந்த இடத்தில் குத்துகிறீர்கள்? மெத்தில்கோபாலமின் (நரம்புக்கான பி12 வைட்டமின்) கொடுத்து நடை திரும்பியதா, எத்தனை மாதம் ஆனது? அப்புறம், மாவுச்சத்து குறைந்த ஈர உணவு தென்காசியிலோ புனலூரிலோ எங்கே கிடைக்கும்? வேகவைத்த மத்தி மட்டும் போதாது என்கிறார் டாக்டர். சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஈறில் தடவத் தேன் வைத்திருக்கிறேன்.

பாகற்காய்ச் சாறு யோசனை மட்டும் வேண்டாம், மாமியார் ஏற்கெனவே சொல்லியாயிற்று.