கறுப்பினத்தவருக்கு வீட்டுக்கடனை மறுத்தது எந்தக் காகிதம்?

வரப்போரம்:
அமெரிக்கச் சொத்து ஏற்றத்தாழ்வு பற்றிய இழையில் செம்பருத்தி எழுதியது இது: "1930களில் அரசின் எச்.ஓ.எல்.சி. (வீட்டு உரிமையாளர் கடன் கழகம்) சிவப்பு வண்ணம் பூசிய வரைபடம்தான் கருப்பினத்தவருக்குக் கடனை மறுத்தது. 2022இல் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர், கருப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர் என்று நிற்பதற்கு அந்தப் படமே வேர்."

எண்கள் சரி. வேர் தப்பு. எச்.ஓ.எல்.சி. 1933இல் தொடங்கியது. தவணை கட்ட முடியாமல் வீட்டை இழக்கவிருந்தவர்களின் அடமானத்தை வங்கியிடமிருந்து வாங்கி, 15 ஆண்டுத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. ஏறத்தாழ பத்து லட்சம் கடன்கள். 1936 நடுவில் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. வரைபட வேலை 1935இல் தொடங்கி 1940 வரை போனது. கொடுத்து முடித்த கடனை, பின்னால் வரைந்த படம் எப்படி மறுக்கும்?

செம்பருத்தி:
மறுபடியும் தேதிக் கணக்கா? 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் படம் போட்டார்கள். கடனுக்கு நல்ல பகுதி பச்சை, பிறகு நீலம், மஞ்சள், கடைசியில் மிக ஆபத்தானதற்குச் சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம். அதில் 'நீக்ரோ' எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம், யார் 'ஊடுருவுகிறார்கள்' என்று இன்னொரு கட்டம். நிரப்பிக் கொடுத்தவர்கள் அந்தந்த ஊர் வங்கிக்காரர்களும் வீட்டுத் தரகர்களும். கடன் கொடுக்கிறவனே உட்கார்ந்து நிரப்பிய படிவத்துக்கும் கடனுக்கும் தொடர்பில்லை என்கிறீர்கள். போன மாதம் சிகாகோ இழையிலும் இப்படித்தான் ஆரம்பித்தீர்கள், பாதியில் காணாமல் போனீர்கள்.

வரப்போரம்:
காணாமல் போகவில்லை. அங்கே கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

படிவத்தில் இனவெறி இருந்ததை நான் மறுக்கவே இல்லை. கடனை மறுத்த கை எது என்பதுதான் என் கேள்வி. அது எஃப்.எச்.ஏ. (கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம்), 1934இல் வந்த வேறொரு அரசு அமைப்பு. அதற்கு முன் வீட்டுக்கடன் எப்படி இருந்தது? பாதி விலையைக் கையிலிருந்து போட வேண்டும். மீதிக்கு ஐந்து பத்து ஆண்டுகள் வட்டி மட்டும் கட்டிவிட்டு, கடைசியில் அசலை மொத்தமாக வைக்க வேண்டும். எஃப்.எச்.ஏ. கடன் கொடுக்காது, வங்கி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் தரும். அந்த உத்தரவாதம் இருந்தால் விலையில் 80 சதவீதம் வரை கடன், 20 ஆண்டுத் தவணை. 5,000 டாலர் வீட்டுக்கு 2,500 வைத்திருக்க வேண்டியவன் 1,000 வைத்திருந்தால் போதும். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனாலும் வங்கிக்கு நட்டமில்லை. ஆகவே உத்தரவாதம் உள்ள இடத்தில்தான் பணம் பாயும்.

உத்தரவாதம் யாருக்கு? எஃப்.எச்.ஏ.வின் 1938 கையேட்டில் ஒரு வட்டாரத்துக்கு மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. பொருளாதார நிலைத்தன்மைக்கு 40, பாதகமான தாக்கங்களிலிருந்து பாதுகாப்புக்கு 20. நூற்றில் அறுபது இங்கேயே போய்விடுகிறது. 'பாதகமான தாக்கம்' என்பதில் வேற்றினத்தவர் குடிவருவதும் அடக்கம். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளச் சொன்னதும் எஃப்.எச்.ஏ.தான். டெட்ராய்ட்டில் எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் கறுப்பினக் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட ஒருவர் கேட்டபோது உத்தரவாதம் கிடைக்கவில்லை. 1941இல் நடுவே ஆறடி உயரம், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். கிடைத்துவிட்டது. சுவர் இன்னும் நிற்கிறது. அதில் எச்.ஓ.எல்.சி. எங்கே வருகிறது?

கடலோடி:
1934, 1938, 1941 எல்லாம் இருக்கட்டும். 1968இல் வீட்டு விஷயத்தில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் வீட்டுவசதிச் சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம்மவர்கள் எட்டு டாலரோடு போய் இறங்கி வீடு வாங்கவில்லையா? உழைத்தால் வாய்ப்பு வரும்.

நெய்தல்:
கடலோடி ஐயா, அந்த எட்டு டாலர் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் வந்தது, அவர்களுடைய வறுமையால் அல்ல. 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு போனவர்களில் பெரும்பாலோர் மருத்துவர், பொறியாளர். படிப்புச் செலவை இங்கே அரசு ஏற்றுவிட்டது. அதற்கு முன்னால் 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்ல என்று அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதை வைத்து, பெற்ற குடியுரிமையையே பலரிடமிருந்து அரசு பிடுங்கியது. மெக்சிகோ எல்லைக்கு வடக்கே நம்மவருக்கு எப்போதும் கதவு திறந்தே இருந்ததுபோலப் பேசாதீர்கள்.

கடலோடி:
படித்ததும் உழைப்புதானே? அதைச் சொன்னால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

தமிழ்க்காவலன்:
இழையில் ஒருவர் 'கறுப்பு', இன்னொருவர் 'கருப்பு' என்று எழுதுகிறீர்கள். கருமையிலிருந்து வருவது கருப்பு. வல்லின ற போட்டால் பொருளே வேறு. முதலில் அதைத் திருத்துங்கள்.

வரப்போரம்:
கறுப்பு வெகுளிக்கும் உரியது, நிறத்துக்கும் உரியது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். திருத்த ஒன்றுமில்லை.

தமிழ்க்காவலன்:
கரும்பலகைக்கு எந்த ர போடுகிறீர்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
பலகையை அப்புறம் பார்க்கலாம். வரப்போரம், சிகாகோ பெடரல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் அந்த வரைபடத்தின் எல்லைக்கோடுகளுக்கு இருபுறமும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மோசமான தரம் போட்ட பக்கத்தில் அடுத்த பல பத்தாண்டுகளுக்குச் சொந்தவீட்டு விகிதமும் வீட்டு விலையும் பின்தங்கின, இனப்பிரிவினை கூடியது. படம் சும்மா அலமாரியில் கிடந்திருந்தால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் எப்படி வித்தியாசம் வரும்? வரைபடம் என் கையில் இருக்கிறது. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது, யாரும் பார்க்கலாம். உங்கள் எஃப்.எச்.ஏ. வரைபடம் எங்கே?

வரப்போரம்:
எஃப்.எச்.ஏ. தனக்கென்று போட்ட படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அதனால்தான் கைக்குக் கிடைத்த படத்தின் மேல் எல்லாரும் பழியைப் போடுகிறார்கள். கோட்டுக்கு இருபுறம் இருந்த வேறுபாட்டில் எஃப்.எச்.ஏ. செய்தது எவ்வளவு, எச்.ஓ.எல்.சி. செய்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று: சிவப்புப் பகுதியில் வீடு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

செம்பருத்தி:
கருப்பினத்தவரில் வீடு வைத்திருந்த ஏறக்குறைய அத்தனை பேரும் அதே சிவப்புக்குள்தான் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டீர்களே, ஏன்? தொலைந்துபோன படத்தைச் சாட்சிக்கு அழைக்கிறவர் நீங்கள்.

நெய்தல்:
இரண்டு பேரும் அரசாங்கக் காகிதத்திலேயே நிற்கிறீர்கள். கடன் மறுத்த பிறகு நடந்ததைப் பாருங்கள். சிகாகோ நார்த் லான்டேலில் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டை ஒப்பந்தத்தில் விற்றார்கள். வெள்ளையரிடம் வாங்கிய விலையைவிடப் பல மடங்கு ஏற்றி, மாதத் தவணை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவன் பெயரில். ஒரு தவணை தவறினால் வெளியேற்றம், கட்டிய பணமெல்லாம் போச்சு, அதே வீட்டை அடுத்தவருக்கு விற்பான். கூரை ஒழுகினால் செலவு மட்டும் வாங்கியவருக்கு. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தபோதும், கையெழுத்துப் போட வேண்டியது உள்ளூர் வங்கி. 1947இல் மிசிசிப்பியில் எண்ணிப் பார்த்த 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குப் போனது 2.

கடலோடி:
அந்த வங்கிகள் தனியார் வங்கிகள். நட்டம் வரும் என்று நினைத்தால் கொடுக்காமல் இருப்பது அவர்கள் உரிமை.

வரப்போரம்:
நட்டத்துக்கு அரசு பொறுப்பேற்ற கடன் அது! மேலே எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள். 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் பத்திர நிபந்தனையை நீதிமன்றம் அமலாக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்த பிறகும், 1950 பிப்ரவரி வரை எஃப்.எச்.ஏ. அப்படிப்பட்ட புதிய பத்திரங்களுக்கு உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தது. செம்பருத்திக்கும் இதைத்தான் சொல்கிறேன். எச்.ஓ.எல்.சி. மறுத்த ஒரு கடனைக் காட்டுங்கள், வரைபடத்தைப் பார்த்துவிட்டு மறுத்தது என்று தேதியோடு.

செம்பருத்தி:
எஃப்.எச்.ஏ. மதிப்பீட்டாளர் எந்தப் படத்தையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போட்டார் என்று நீங்கள் முதலில் தேதியோடு காட்டுங்கள்.

தமிழ்க்காவலன்:
கரும்பலகைக்கு இன்னும் பதில் வரவில்லை.

வரப்போரம்:
செம்பருத்தி, 1936. கடன் கொடுப்பது நின்ற ஆண்டு. அதை முதலில் மறுத்துப் பாருங்கள்.